சொல்லி விட்டேன்

பதினோரு மணிக்கெல்லாம் கூப்பிட்டுவிடுவார்கள் என்று வக்கீல் தாமோதரசாமி சொல்லியிருந்தார். மணி பன்னிரண்டே காலாகிவிட்டது. தொழிலாளர் நீதிமன்றத்து வராந்தாவின் கடைசி பெஞ்சில் கோகிலவாணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததாக ஞாபகமே இல்லாத ஒரு போன் பேச்சை ஞாபகப்படுத்திக்கொள்ள முயன்றுகொண்டிருந்தாள். முயலவே கூடாது என்று வக்கீல் காலையிலேயே எச்சரித்திருந்தார். ‘நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாம் மேடம். மூணே பதில்தான். ஆமா, இல்லை, ஞாபகம் இல்லை. மூணாவது பதிலுக்கு எந்தக் கோர்ட்டும் ஒண்ணும் பண்ண முடியாது.’ அதைச் சொல்லிவிட்டு அவர் இன்னொரு கேசுக்கு மாடிக்குப் போய்விட்டார். ஞாபகம் இல்லை என்று சொல்வதற்கு யோசிக்க வேண்டாம்தான், ஆனால் அது பொய்யா மெய்யா என்று தெரிந்துகொள்ள யோசிக்க வேண்டியிருக்கிறதே. மூன்று வருசத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம் ஒன்பதாம் தேதி காலை, பம்பு கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவுத் தொழிலாளி மயில்சாமி மனிதவள மேலாளரைப் போனில் கூப்பிட்டுக் குடும்ப அவசரம் காரணமாக விடுப்பு வேண்டும் என்று தெரிவித்தார், மேலாளரும் சரி என்றார். மனுவில் இருப்பது இவ்வளவுதான். மேலாளர் என்றால் அவள். பதினோரு நாள் கழித்து அவன் வந்தபோது கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். சொல்லாமல் எட்டு நாளுக்கு மேல் வராதவன் தானாகவே வேலையை விட்டவன் ஆகிறான் என்கிற விதிப்படி நோட்டீஸ் போய், அவன் குடியிருந்த பழைய வீட்டுக் கதவைத் தட்டித் திரும்பி வந்து, அதன்மேல் இன்னொரு கடிதம் போய், அதிலும் அவள் கையெழுத்து. பதினாறு வருச வேலைக்காரன். அவளுக்கும் அப்போது அதே கம்பெனியில் பதினாறு வருசம், இப்போது பத்தொன்பது. ஒரே வருசத்தில் சேர்ந்தவர்கள் என்பதே இந்தக் கேஸ் கட்டைப் புரட்டியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. போன் கம்பெனிக்காரன் மூன்று வருசத்துக்கு முந்தைய அழைப்புப் பட்டியல் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டான். ஆகையால் அந்தக் காலையில் என்ன நடந்தது என்பது இப்போது இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும், அந்த இடம் அவள் மண்டை, அங்கே ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கைப்பைக்குள் நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. தொழிலதிபர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, நல்ல மனிதவள மேலாளருக்கு இருக்க வேண்டிய குணங்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். பத்தொன்பது வருசத்தில் ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் நடக்காத கம்பெனி என்பதால் அவளைத் தேர்ந்தெடுத்தார்களாம். முதல் குணம், காது, என்று எழுதி, அது நன்றாக இல்லையே என்று அடித்துவிட்டு, செவிமடுத்தல் என்று மாற்றி, அதுவும் பள்ளிக்கூடத்துக் கட்டுரை மாதிரி இருக்கிறதே என்று அப்படியே நிறுத்தியிருந்தாள். காதுதான் சரி. அவள் காதால் சம்பாதித்தவள். சேர்ந்த புதிதில் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லப் பார்த்தாள், சட்டம் சொன்னாள், விதி சொன்னாள், வந்தவர்கள் முகம் சுருங்கித் திரும்பிப் போனார்கள். பிறகு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டு பேச முடியாமல் இருந்தபோது, எதிரில் உட்கார்ந்தவன் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவன் போகும்போது கையெடுத்துக் கும்பிட்டான். அன்றைக்குப் பிடித்தது அந்தச் சரி. கேட்டேன் என்றாலும் சரி, புரிந்தது என்றாலும் சரி, கொடுத்தேன் என்றாலும் சரி, நீ இப்போது எழுந்து போகலாம் என்றாலும் சரி. வீட்டில் அவள் கணவன் தனபால் இதைச் சொல்லிச் சிரிப்பான். ‘உன்ர சரிய நம்பி ஒரு டீ கூட வெக்க முடியாது.’ ஒரு நாளைக்கு நாற்பது பேர், வருசத்துக்கு எத்தனை ஆயிரம் சரி. அதில் ஒரு சரி பிப்ரவரி ஒன்பதாம் தேதி மயில்சாமிக்கு விழுந்ததா இல்லையா என்று கேட்கிறார்கள். ஆற்றில் போட்ட உப்பை எடுத்துக் காட்டு என்கிறார்கள். மயில்சாமி போன் செய்திருந்தால் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், அதில் சந்தேகமே இல்லை, அப்படியானால் அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் மேடம் சரி என்றுதான் சொல்வார்கள் என்பார்கள், அதனால் பொய் சொல்ல நினைக்கிறவனும் அதையேதான் சொல்வான். இந்த இடத்துக்கு வந்ததும் அவள் எண்ணம் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நின்றது. நூல்கண்டில் சிக்கு விழுந்த இடம் மாதிரி விரலுக்குத் தட்டுப்பட்டதே தவிர முனை கிடைக்கவில்லை.

இரண்டாவது குணம் ரகசியம் காப்பது. அதைத் தாளில் எழுதவில்லை, எழுதினால் எப்படிக் காக்கிறாய் என்று கேட்பார்கள். அவள் காக்கும் விதம் அவளுக்கு மட்டுமே தெரியும். அவள் மறந்துவிடுவாள். கதவைச் சாத்திவிட்டுப் பாக்கிங் பிரிவுப் பெண் தன் புருசனைப் பற்றிச் சொல்லி அழுவாள், மோல்டிங்கில் வேலை செய்கிறவன் தனக்குக் காசநோய் என்பான், ஸ்டோர் கீப்பர் தன் தம்பி ஜெயிலில் இருப்பதைச் சொல்வார். அவர்கள் வெளியே போனதும் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள், தண்ணீர் இறங்குவதோடு அதுவும் இறங்கிவிடும். பிறகு கேன்டீனில் அவர்கள் எதிரே வந்தாலும் முகத்தில் ஒரு கோடு மாறாது, ஏனென்றால் மாறுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. மேடத்துகிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு என்று பெயர் வந்தது. முதலில் பழகித்தான் செய்தாள். இப்போது பழக்கம் தானாகவே செய்கிறது, அதுதான் பயம். போன மாதம் தனபாலின் அக்கா பேரன் பிறந்த சேதியை இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் அவள் புதிதாகச் சந்தோசப்பட்டிருக்கிறாள். கேஸ் சிலிண்டர் வந்ததா என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, முதலில் சாவி, பிறகு அடுப்பு, பிறகு ஒரு நாள் கோகிலாவைப் பார்த்து, நீ ஆரு கண்ணு, உங்க ஊர் எது என்று மரியாதையாகக் கேட்டாள். அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு. இவளுக்கு நாற்பத்தாறு. இன்னும் இருபத்திரண்டு வருசம் இருக்கிறது என்று கணக்குப் போடுவதா, இல்லை பத்தொன்பது வருசமாகக் கையாலேயே குழி தோண்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைப்பதா. சாட்சிக் கூண்டில் ஞாபகம் இல்லை என்று சொன்னால் அது வக்கீல் சொல்லிக்கொடுத்த பொய்யா, அம்மா கொடுத்துவிட்டுப் போன உண்மையா.

வராந்தாவின் மறுகோடியில் மயில்சாமி நின்றுகொண்டிருந்தான். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. ஒன்பதரை மணிக்கு அவள் காரை விட்டு இறங்கியபோது அவளைப் பார்த்து வழக்கம் போல வணக்கம் வைத்தான், அவளும் கை தூக்கிவிட்டாள், உடனே தாமோதரசாமியின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டாள். எதிர்க்கட்சிக்கு வணக்கம் வைக்கலாமா கூடாதா. அவன் கேட்டுக்கு வந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் வேடிக்கை. அன்றைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது, வாசலில் கோலம் போட்டிருந்தார்கள், கோலத்தைத் தாண்டக் கூடாது என்று வாட்ச்மேன் அவனை ஓரமாக நிறுத்தியிருந்தார். அவள் போனபோது அவன் சத்தம் போடவில்லை. தாடி வளர்ந்து கண் உள்ளே போயிருந்தது. ‘மேடத்துக்குச் சொல்லியுட்டனுங்களே’ என்றான். அவள் உள்ளே போனாள். பொது மேலாளர் அவசரமாக டையைச் சரிசெய்துகொண்டே, ‘சொன்னானா உங்ககிட்ட?’ என்று கேட்டார். ‘இல்ல சார்’ என்றாள். எவ்வளவு நேரம் யோசித்தாள்? யோசித்தாளா? வெளிநாட்டார் கார் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. இல்ல சார் என்று இரண்டு வார்த்தை, கோலத்துக்கு அந்தப்பக்கம் ஓரமாக நிற்கிற மனிதனின் பதினாறு வருசம் முடிந்தது. அப்போது அது உண்மைதான். தன் மண்டைக்குள் ஒரு தடவை கையை விட்டுத் துழாவினாள், மயில்சாமியின் குரல் அங்கே இல்லை. அவனுக்குக் கட்டைக் குரல், பீடி பிடித்துக் கரகரத்த குரல், ஆயுத பூஜைக்குச் சுண்டல் கொடுக்கும்போது ‘இன்னும் ரெண்டு கை போடுங்க மேடம்’ என்று கேட்கும் குரல். அந்தக் குரலில் பிப்ரவரி மாதம் ஒன்றும் கேட்ட மாதிரி இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆக அவன் பேசவில்லை. பேசாதவன் எதற்கு மூன்று வருசம் கோர்ட்டுக்கு அலைகிறான்? வேலை போனவன் எதையும் சொல்வான் என்கிறார் பொது மேலாளர். ஆனால் அவன் ஒரு நாளும் எதையும் சொன்னவனில்லையே. தொழிற்சங்கக் கூட்டத்தில்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறவன்.

வெயில் ஏறி வராந்தாவின் பாதிவரை வந்துவிட்டது. காலை இழுத்துக்கொண்டு அவள் வெளியே பார்த்தாள். மதிற்சுவரை ஒட்டி இரண்டு மஞ்சள் அரளிச் செடி, ஆள் உயரத்துக்கு, பூவும் காயுமாக நின்றன. அரளி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அரளி, மயில்சாமி. இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஏன் ஒட்டிக்கொண்டு வந்தன? மனுவைப் பத்துத் தடவை படித்திருக்கிறாள், அதில் குடும்ப அவசரம் என்றுதான் இருக்கிறது, அரளி என்கிற சொல்லே இல்லை. அவனுடைய சாட்சியத்திலும் இல்லை, என்ன அவசரம் என்று தாமோதரசாமி துருவித் துருவிக் கேட்டதற்கு, சொந்த விசயமுங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதாக எழுத்தில் இருக்கிறது. பின்னே அரளி எங்கிருந்து வந்தது? அரளிக் கொட்டை. பொண்ணு. தின்னுப்போட்டா. மூன்று சொல்லும் நனைந்த துணி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே வந்தன. கேன்டீனில் யாராவது பேசிக் கேட்டிருப்பாள். ஆனால் கேன்டீன் பேச்சு அவளுக்கு எப்போதும் ஒரு முகத்தோடுதான் வரும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, மேடம் உங்களுக்குத் தெரியுங்களா என்று கண்ணை விரிக்கும் சூப்பர்வைசர் முகம். இந்தச் சொல்லுக்கு முகம் இல்லை. முகம் இல்லாமல் வருகிற சொல் போனில் வந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். கூடவே ஒரு குக்கர் சத்தம், இரண்டாவது விசில், மூன்றாவதுக்கு அடுப்பை அணைக்க வேண்டும், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அவள் நிற்கிறாள். நிற்கிறாளா? தினமும்தான் அப்படி நிற்கிறாள். அரளிக் கொட்டையைத் தொடாதே கண்ணு, தின்னா செத்துப்போவே என்று சின்ன வயதில் அம்மா சொல்வாள், அந்தக் குரலோ என்னவோ. ஆமாம், குரல் பெண் குரலாகத்தான் இருக்கிறது. மயில்சாமியின் கட்டைக் குரலை அந்தச் சொல்லில் பொருத்திப் பார்த்தால் நிற்க மாட்டேன் என்கிறது, சட்டை சேராத மாதிரி நழுவுகிறது. அப்படியானால் அது அம்மாதான். அம்மா செத்து நாலு வருசமாயிற்று, அம்மா போனில் மயில்சாமியைப் பற்றி எதற்குப் பேசுகிறாள்? எது நடந்தது, எது இந்த பெஞ்சில் உட்கார்ந்து அவளே செய்துகொண்டது? மூன்று வருசமாக ஒரு மனுவை ஒரு ஆள் திரும்பத் திரும்பப் படித்தால் அதில் இருக்கிற போன் அவள் காதில் அடிக்க ஆரம்பித்துவிடாதா?

‘ஏனுங்க, உள்ள பேர் கூப்புட்டா இங்க வரைக்கும் கேக்குமுங்களா?’

அடுத்த பெஞ்சில் இருந்த பெண் கேட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது, அதன் காலைத் தன் முந்தானையால் மூடியிருந்தாள். கோகிலவாணி கேக்கும் என்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் கேள்வி மறுபடியும் ஒரு தடவை அவள் காதுக்குள் போயிற்று. ஏனுங்க. அந்த ‘ஏ’ நீண்டு, ‘னுங்க’ அவசரமாக விழுந்தது. ஏனுங்க, கோகிலா மேடம் தானுங்களே? வைண்டிங் மயில்சாமி ஊட்லருந்து பேசறனுங்க. அவரால பேச முடியலீங்க, அழுதுட்டே இருக்கறாரு. அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வந்தது ஞாபகமா, இல்லை இந்தக் குரலை எடுத்து அவள் மனசு அந்தக் காலிச் சட்டைக்குள் போட்டு நிற்கவைத்துவிட்டதா? கேட்டுவிடலாம், நீங்க மயில்சாமி வீட்டம்மாவா என்று வாயைத் திறந்தாள். டவாலி வாசலுக்கு வந்து அவள் பேரை மூன்று தடவை கூவினான், கோகிலவாணி, கோகிலவாணி, கோகிலவாணி. மாடியிலிருந்து தாமோதரசாமி அங்கியைப் பறக்கவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார். ‘மூணே பதில்’ என்று விரலைக் காட்டினார்.

உள்ளே மின்விசிறி சத்தத்தில் யார் பேசுவதும் அரைகுறையாகத்தான் கேட்டது. நீதிபதி கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மாள், பக்கத்தில் தட்டச்சுக்காரர். உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தாள். எந்த உண்மை என்று கேட்கத் தோன்றியது. மயில்சாமி தன் வக்கீலுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வக்கீல் இருமிக்கொண்டே எழுந்தார், பதவி, வருசம், கையெழுத்து யாருடையது என்று வரிசையாகக் கேட்டார், அவள் ஆமா ஆமா என்றாள். பிறகு அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். ‘மனுதாரர் கம்பெனி கேட்டுக்கு வந்தன்னைக்கு உங்களைப் பார்த்து என்ன சொன்னார்?’ இது அவள் எதிர்பார்க்காத கேள்வி, ஆனால் சுலபமானது. ‘மேடத்துக்குச் சொல்லியுட்டனுங்களே அப்படின்னார்.’ நீதிபதி தட்டச்சுக்காரரிடம் திரும்பி, தான் முன்னரே தகவல் தெரிவித்துவிட்டதாக மனுதாரர் கூறினார், என்றார். விசைகள் தடதடவென்று அடித்தன. இல்லையே, என்று கோகிலவாணியின் காது சொன்னது. அவன் அப்படிச் சொல்லவில்லையே. அவள் ஊர் கோபிக்குப் பக்கம், பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. தானே சொல்லி முடித்தவன் சொல்லிப்போட்டேன் என்பான். சொல்லியுட்டேன் என்றால் வேறே. கடைக்காரருக்குச் சொல்லியுட்டேன், மாமனுக்குச் சொல்லியுட்டேன் என்றால் வேறொரு ஆளிடம் சொல்லி அனுப்பினேன் என்று அர்த்தம். சொல்லி, விட்டேன். அன்றைக்குக் கோலத்துக்கு இந்தப்பக்கம் நின்று அவள் அதை ஆபீஸ் தமிழாகக் கேட்டாள், பொது மேலாளர் அதைச் சொன்னானா என்று மாற்றினார், இவனுடைய வக்கீலே அதை மனுதாரர் தெரிவித்தார் என்று எழுதினார். மூன்று வருசமாக ஒரு கம்பெனியும் இரண்டு வக்கீலும் ஒரு கோர்ட்டும் சேர்ந்து மயில்சாமியின் குரலைத் தேடியிருக்கிறார்கள். காதுள்ளவள் என்று மலரில் எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள் அவளை.

‘பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலைல மனுதாரர் உங்களைப் போன்ல கூப்பிட்டாரா இல்லையா?’

‘இல்லீங்க’ என்றாள். கேள்வி கேட்ட வக்கீலின் முகம் விழுந்தது. தாமோதரசாமி மூன்றாவது பதிலைவிட இது நல்ல பதில் என்பது போலப் பேனாவை மூடினார். ‘அவர் கூப்பிடலீங்க. அவங்க வீட்டம்மா கூப்பிட்டாங்க.’

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். ‘இதை உங்க பிரமாண வாக்குமூலத்துல ஏன் சொல்லல?’

‘அப்ப ஞாபகம் இல்லீங்கம்மா.’

‘எப்ப ஞாபகம் வந்தது?’

‘இப்பத்தானுங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறப்ப.’

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கத்தான் வேண்டும், அவளே கேட்டால் சிரித்திருப்பாள், ஒரு செடியைப் பார்த்தேன், ஒரு அம்மா ஏனுங்க என்றாள், அதனால் ஞாபகம் வந்தது என்று எந்தச் சாட்சி சொல்வான். உறுதியா என்று நீதிபதி கேட்டார். உறுதிதான் என்று வாய் சொன்னது. உள்ளே உறுதி என்று ஒன்று இருந்ததா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இருமல் வக்கீல் நிதானமாகக் கேட்டார், அவர் குரலில் நம்பிக்கையும் பயமும் கலந்து கிடந்தன. ‘அந்த அம்மா என்ன சொன்னாங்க?’ ‘அவர் வேலைக்கு வர முடியாதுன்னாங்க.’ ‘நீங்க என்ன சொன்னீங்க?’ ‘சரின்னேன்.’ ‘அவ்வளவுதானா? வேற ஏதாச்சும் சொன்னீங்களா?’ ‘வேற ஒண்ணும் சொல்லலீங்க. சரின்னு மட்டுந்தான். நான் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவேன்.’ அதுவும் தட்டச்சில் ஏறியது. தாமோதரசாமி எழுந்து, ஒரு தெளிவுக்காக ஒரே ஒரு கேள்வி என்று அனுமதி வாங்கிக்கொண்டு, அவளை அவள் இதுவரை பார்த்திராத கண்ணால் பார்த்தார். ‘வர முடியாததுக்கு என்ன காரணம் சொன்னாங்க மேடம்? போன் வந்தது இவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கறப்ப அதுவும் இருக்கணுமில்ல?’ மயில்சாமி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். பத்தொன்பது வருசத்தில் அவன் அவளை இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. காரணத்தைச் சொன்னால் போன் வந்தது நிரூபணம் ஆகிவிடும், மனுவில் இல்லாத ஒன்று அவளுக்கு வேறெப்படித் தெரியும், அவன் ஜெயித்துவிடுவான். சொன்னால் தட்டச்சில் ஏறும், நகல் போகும், கம்பெனிக்குப் போகும், கேன்டீனுக்குப் போகும், கட்டிக்கொடுத்த வீட்டில் கொட்டை தின்ற பெண்ணின் பேர் வைண்டிங் மெசினுக்கு மெசின் தாவும். சொல்லாவிட்டால் எல்லாம் ஜோடனை என்பார் தாமோதரசாமி. எது நல்லது? நல்ல மேலாளர் என்ன செய்வாள்? அவன் வேலை வேண்டும் என்று கேட்கிறான், இதை வைத்துக் கேட்கவில்லை, மூன்று வருசமாக ஒரு தடவைகூட இதை வைத்துக் கேட்கவில்லை.

‘சொன்னாங்க’ என்றாள். ‘என்னன்னு நான் சொல்ல மாட்டேனுங்க.’

‘சொல்லியாகணும்னு உங்களுக்குப் புரியுதா?’ என்றார் நீதிபதி. கடுமையாகச் சொல்லவில்லை.

‘என்னை நம்பிச் சொன்னதுங்கம்மா. அதை அப்பறம் மறந்துட்டேன். மறந்ததுனாலதான் இத்தனையும்.’

நீதிபதி அவளைப் பார்த்தார். மயில்சாமியையும் பார்த்தார். பிறகு தட்டச்சுக்காரரிடம் மெதுவாக, காரணத்தைத் தெரிவிக்கச் சாட்சி விரும்பவில்லை, என்றார். தாளை நீட்டினார்கள். படித்துப் பார்க்கச் சொன்னார்கள். சரி என்று மட்டும் கூறினேன், வேறெதுவும் கூறவில்லை, என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள், அந்தக் கையெழுத்து அவளுக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

வெளியே தாமோதரசாமி நிற்கவில்லை. ‘எம்.டி.கிட்ட நீங்களே பேசிக்கங்க’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பேச வேண்டும், இன்றைக்கே பேச வேண்டும், என்ன பேசுவது. நாளைக்கு அவளுக்கு ஒரு கடிதம் வரலாம், அதில் யார் கையெழுத்துப் போடுவார்கள், கம்பெனியில் அப்படிப்பட்ட கடிதங்களில் கையெழுத்துப் போடுகிறவளே அவள்தானே. செய்தது நல்லதா, அவனுக்கு உதவியதா, கெடுத்ததா, ஒன்றும் பிடிபடவில்லை. கால் வலித்தது. நேராக நடந்துபோய், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

‘முடிஞ்சுதுங்களா?’ என்றாள் அந்தப் பெண்.

‘முடிஞ்சுது.’

‘நல்லபடியாங்களா?’

‘தெரியலீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல.’ பிறகு கேட்டாள். ‘பொண்ணு எப்படி இருக்குது?’ மூன்று வருசத்தில் முதல் தடவை கேட்கிறாள். மறந்தவளுக்குக் கேட்கத் தோன்றாது.

அந்தப் பெண் குழந்தையின் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். ‘இருக்கறாளுங்க. பதினோரு நாள் ஆசுபத்திரில கெடந்து பொழச்சு வந்துட்டா. மாப்பளயும் இப்பத் தேவலைங்க. பல்லடத்துல தையலுக்குப் போறா. இது அவ புள்ளதானுங்க. எம்பேரு பழனாத்தா, ஞாபகம் வெச்சிருப்பீங்களோ என்னவோ. இவரு கோர்ட்டுல அதச் சொல்லப்படாதுன்னுட்டாரு. அதனால நான் பேசுனதையும் சொல்ல முடியாமப் போச்சுங்க. நீங்க நல்லவங்க, எப்பிடியும் சொல்லிருவீங்கன்னேன் நானு.’

‘நான் நல்லவளா? சரின்னு சொன்னதோட சரி, மறந்துட்டு வேலைய விட்டு நிறுத்துனவ.’

‘அன்னைக்கு நீங்க கேட்டீங்களே. அதுக்கப்பறம் சொந்தக்காரங்க ஒருத்தர் அப்பிடிக் கேக்கலீங்க.’

‘என்ன கேட்டேன்?’

‘எந்த ஆசுபத்திரி, நான் இப்பவே கெளம்பி வரட்டுமான்னு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அப்பவும் உடலியே நீங்க. வர்றேன் வர்றேன்னுட்டே இருந்தீங்க. கடைசியா அழுதுட்டீங்க.’

கோகிலவாணி அவளைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தாள். நான் இப்பவே கெளம்பி வரட்டுமா. அது எங்கேயும் பொருந்தவில்லை. அப்படிக் கேட்கிற பெண் ஒருத்தி அந்தச் சமையலறையில் நின்றதாக அவளுக்குள் ஒரு தடமும் இல்லை. சற்று முன்னால்தான் சத்தியம் செய்து, வேறெதுவும் கூறவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

‘நானா?’ என்றாள். ‘நானா அழுதேன்?’

‘பின்ன வேற ஆருங்க?’ பழனாத்தா நீதிமன்றத்து வாசலைப் பார்த்தாள். மயில்சாமி வெளியே வந்து, யாரைத் தேடுகிறான் என்று தெரியாதவன் போல அப்படியே நின்றுகொண்டிருந்தான். ‘செத்த நேரம் புள்ளயப் புடிச்சுக்கங்க, அவரு என்ன சொல்றாருன்னு கேட்டுப்போட்டு வந்தர்றேன்’ என்று அவள் எழுந்து குழந்தையைக் கோகிலவாணியின் மடியில் கிடத்திவிட்டுப் போனாள். தூக்கத்தில் கனத்துச் சூடாக இருந்தது குழந்தை. அசைத்தால் எழுந்துவிடுமோ என்று கோகிலவாணி மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, அழுத அந்தப் பெண் யாராக இருக்கும் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள்.